இளங்கைகள் எழுதிய சுவர்கள்

மைசூரிலிருந்து கொள்ளேகாலம் வழியாக மேட்டூருக்குச் செல்லும் நம்மவர், மாதேசுவரன் மலையைக் கடந்து கீழிறங்கியதும் பாலாறு என்னும் சிற்றூரை அடைவர். வேலூர்ப் பக்கத்துப் பாலாறு வேறு, இது வேறு. இது மலையில் தோன்றிக் காவிரியோடு கலக்கும் சிற்றாறு. கருநாடகத்தின் எல்லை இங்கே முடிகின்றது, தமிழகம் தொடங்குகின்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை, கொள்ளேகாலம் வட்டம் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. பின்னர் அது மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997-ஆம் ஆண்டு சாமராசநகர் மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனுள் அடங்கிற்று. ஆறு வழி மாறவில்லை; மலை இடம் பெயரவில்லை; மாவட்டத்தின் பெயர் மட்டுமே இருமுறை மாறிற்று.

ஒரு நிலம் எந்த ஆட்சிக்கு உரியது என்பதை அரசாங்க ஏடுகள் சொல்லும். ஆனால், ‘இது எம் இடம்’ என்று ஒருவன் நெஞ்சு சொல்லும் உணர்ச்சியை எந்த ஏடு தரும்? பிழைப்புக் கருதி ஊர்விட்டு வந்த நமக்கு இக்கேள்வி புதியதன்று. நம் குழந்தைகளுக்கோ இஃது இன்னும் கூர்மையான கேள்வி. அவர்கள் பிறந்த ஊர் இது. பேசும் மொழி வேறு. விடுமுறைக்குச் செல்லும் ஊரில் அவர்கள் விருந்தினர். வாழும் ஊரில் அவர்கள் குடியிருப்போர். இக்கேள்விக்கு விடை தேடிப் புகுந்தபோது, வரலாற்றில் யான் கண்ட சில சுவர்களைப் பற்றி இம்மலரில் எழுத விழைகின்றேன்.

இவ்வெண்ணம் எழக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகின்றேன். சென்ற ஆண்டு தசரா முடிந்த வாரம், நம் குடியிருப்பின் பொதுச் சுவரில் ஒரு சிறுமி கரித்துண்டால் அம்பாரி சுமந்த யானையொன்றை எழுதியிருந்தாள். யானையின் பக்கத்தில் பொங்கல் பானை. பானைக்கு இருபுறமும் கரும்பு. தசராவிற்கும் பொங்கலுக்கும் இடையே உள்ள மாதங்கள் அவள் கணக்கில் இல்லை. சுவர் அழுக்காயிற்று என்று பெரியவர்கள் கூடிப் பேசி, சுண்ணாம்பு அடித்துவிட்டோம். அடிக்கச் சொன்னவர்களுள் யானும் ஒருவன். அன்று மாலை அச்சிறுமி என்னிடம் வந்து, “மாமா, வாசல்ல கோலம் போட்டா எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றீங்க. சுவத்துல யானை போட்டா மட்டும் ஏன் அழிக்கிறீங்க?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

அக்குழந்தை கேட்டது நியாயமான கேள்வி. நம் நாட்டில் சிறுவர் செய்யும் பொதுக்கலை புதியதன்று. தாயின் அருகே அமர்ந்து முதற்புள்ளி வைக்கும் சிறுமி, தன் வீட்டிற்குள் வைக்கவில்லை, தெருவில் வைக்கின்றாள். வருவோர் போவோர் எல்லோரும் காணும் இடத்தில், பொதுமண்ணில், அரிசி மாவால் எழுதுகின்றாள். மார்கழித் திங்களில் தெரு முழுவதும் ஓர் ஓவியக்கூடமாக மாறுகின்றது. எறும்பு தின்னும், காற்றுக் கலைக்கும், நண்பகலுக்குள் பாதி மறையும். மறுநாள் விடியலில் மீண்டும் எழும். இதற்குப் பரிசில்லை, கையொப்பமும் இல்லை. தரையில் இவ்வுரிமையை வழங்கிய சமுதாயம், சுவரில் ஏன் வழங்கக் கூடாது?

சுவரிலும் வழங்கிய இடமொன்று நம் நாட்டில் உண்டு. அதுவே வங்கத்துச் சாந்திநிகேதனம்.

1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஐந்து மாணவர்களைக் கொண்டு இரவீந்திரநாத் தாகூர் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். செம்மண் காடு, மழை குன்றிய நிலம், மரத்தடியே வகுப்பறை. 1919-இல் அங்குக் கலாபவனம் என்னும் கலைக்கல்லூரி தோன்றிற்று. 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் விசுவபாரதி முறைப்படி தொடங்கப் பெற்றபோது, அவ்விழாவிற்குத் தலைமை தாங்கியவர் தத்துவப் பேரறிஞர் பிரஜேந்திரநாத் சீல். அவர் அக்காலத்தில் நம் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர் என்பதை நம் அன்பர்கள் பலர் அறியார். உறவு அம்மட்டோடு நிற்கவில்லை. மைசூர் அரண்மனையில் சுதைப் புடைப்புச் சிற்பங்கள் செய்தளித்த ஓவியர் வெங்கடப்பா, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். அங்கே அவரோடு பயின்ற மாணவர்தாம், பின்னாளில் சாந்திநிகேதனத்தின் சுவர்களுக்கெல்லாம் உயிரூட்டிய நந்தலால் போஸ்.

நந்தலாலின் முறை தனித்தன்மை வாய்ந்தது. ஓவியம் என்பது சட்டத்தில் அடைத்துச் செல்வர் மாளிகையில் மாட்டுவதற்கு மட்டும் உரியது என்று அவர் கருதவில்லை. மாணவர் உண்ணும் இடம், உறங்கும் விடுதி, படிக்கும் நூலகம் ஆகிய இவற்றின் சுவர்களே அவர்களின் பாடநூல் ஆயின. ஜெய்ப்பூரிலிருந்து நரசிங்கலால் என்னும் கைவினைஞர் வரவழைக்கப் பெற்றார். ஈரச் சுண்ணாம்பின்மீது வண்ணம் தீட்டி, அதனைத் தேய்த்து மெருகேற்றும் பழைய இராசபுதனத்து முறையை அவர் மாணவர்க்குக் கற்பித்தார். பட்டம் பெற்ற ஆசிரியரும் பட்டம் பெறாத கைவினைஞரும் சுண்ணாம்புச் சாந்தின் முன் ஒரே வரிசையில் நின்றனர். நூலகத் தாழ்வாரத்துச் சுவர் அவ்வாறு வண்ணம் பெற்றது. விழா நாட்களில் பள்ளிச் சிறுவர் சிறுமியர் தரையில் ஆல்பனா இட்டனர். ஆல்பனா என்பது வங்கத்துக் கோலம்.

அங்குள்ள கட்டடங்களுள் மாணவர் கைத்திறத்துக்குச் சான்றாக இன்றும் நிற்பது ‘காலோ பாரி’ எனப்படும் கருப்பு வீடு. 1934-ஆம் ஆண்டளவில் மாணவர் விடுதியாக எழுந்த மண்வீடு அது. நந்தலாலும் சிற்பி இராம்கிங்கர் பைஜும் வழிகாட்ட, மாணவர்களே அதன் சுவர்களில் புடைப்புச் சிற்பங்களை வடித்தனர். பார்குத்துத் தூபியின் உருவங்களும், சிந்துவெளி முத்திரையும், எகிப்து, அசிரியா முதலிய நாடுகளின் பழஞ்சிற்பங்களும் அம்மண்சுவரில் இடம் பெற்றன. உலக வரலாற்றை நூலிற் படிப்பதோடு அமையாது, தம் கையால் சேற்றில் பிசைந்து அவர்கள் கற்றனர். மழையும் கறையானும் அழிக்காதிருக்கச் சுவரெங்கும் தார் பூசினர். ஆதலின் வீடு கருமை பெற்றது, பெயரும் பெற்றது. மண்வீடு தானே நில்லாது. காலந்தோறும் பழுது பார்த்துத் தார் பூசினால்தான் நிற்கும். ஆகவே, முதலில் கட்டியவர் கையோடு பின் வந்த தலைமுறைகளின் கையும் அவ்வீட்டிற் கலந்துள்ளது.

1935-ஆம் ஆண்டு தாகூர் தமக்கென ஒரு மண்வீடு கட்டுவித்தார். ‘சியாமளி’ என்பது அதன் பெயர். அவ்வீட்டின் புறச்சுவர்களையும் நந்தலால், இராம்கிங்கர் ஆகியோரின் கீழ்க் கலாபவன மாணவர்கள் உருவங்களால் நிரப்பினர். நோபல் பரிசு பெற்ற கவிஞர், தம் வீட்டுச் சுவரை மாணவர் கையில் ஒப்படைத்தார்! ‘பிள்ளைகள் கெடுத்துவிடுவார்களோ’ என்று அவர் அஞ்சவில்லை.

இவ்வீட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்று என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. 1924-ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்து மாணவர் ஒருவர் காந்தியடிகளைத் தில்லியிற் சந்தித்துக் கலையைப் பற்றிப் பல கேள்விகள் கேட்டார். விண்மீன்கள் நிறைந்த வானத்தைக் காணும் தமக்கு, அறைச் சுவர்கள் வெறுமையாக இருப்பினும் குறையில்லை என்னும் கருத்துப்பட அடிகள் அப்போது விடையளித்தார். அவ்வுரையாடல் ‘யங் இந்தியா’ இதழிலும் வெளிவந்தது. கேள்வி கேட்ட அந்த மாணவர் ஜி. இராமச்சந்திரன். அவரே பின்னாளில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரை மணந்து, 1947-இல் மதுரை மாவட்டத்துச் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவிய பெரியார்.

வெறுஞ்சுவரே போதும் என்ற அதே அடிகள், 1936-ஆம் ஆண்டு இலட்சுமணபுரிக் காங்கிரசு மாநாட்டின் கண்காட்சியை அமைக்க நந்தலாலை அழைத்தார். 1938-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குசராத்தின் ஹரிபுராச் சிற்றூரில் கூடிய காங்கிரசிற்கும் அவரையே அழைத்தார். அங்கே நந்தலாலும் அவர் மாணவர்களும் ஏறத்தாழ 400 ஓவியத் தட்டிகளை எழுதி, மாநாட்டு நகரின் வாயில்களிலும் பந்தல்களிலும் நிறுத்தினர். அரசர்களையோ தலைவர்களையோ அவர்கள் பெரிதும் எழுதவில்லை. மத்தளம் கொட்டுவோன், தச்சன், உழவன், சமைக்கும் பெண் ஆகியோரே அவற்றில் நின்றனர். மாநாட்டிற்கு வந்த நாட்டுப்புறத்தார், பொதுவிடத்தில் தம் உருவத்தைத் தாமே கண்டனர். 1940-இல் காந்தியடிகளும் கஸ்தூரிபாய் அம்மையாரும் சாந்திநிகேதனம் சென்றபோது தங்கிய வீடு எது? மாணவர் கை பட்ட அந்தச் சியாமளியே. வெறுஞ்சுவரைப் போற்றிய பெரியார், இளங்கைகள் எழுதிய சுவரின் நிழலில் துயின்றார். அடிகளின் கொள்கை தளர்ந்தது என்று இதற்குப் பொருளன்று. செல்வர் காட்சிக்கு வைக்கும் கலைக்கும், மக்கள் தம் கையால் தம் இடத்தில் செய்யும் கலைக்கும் உள்ள வேற்றுமையை அவர் அறிந்திருந்தார் என்பதே பொருள்.

சாந்திநிகேதனத்துச் சுவர்களில் தமிழர்க்குப் பங்கில்லையோ என்று கேட்கலாம். உண்டு. 1924-இல் மலபாரின் கூத்துபறம்பில், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் கே. ஜி. சுப்பிரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றவர். ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார்; அதன் விளைவாக அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. 1944-இல் சாந்திநிகேதனம் புகுந்தார். ஒரு கதவு அடைபட்டவனுக்கு ஒரு சுவர் திறந்தது! 1946, 1947 ஆகிய ஆண்டுகளில் வினோத பிகாரி முகர்ஜி என்னும் ஆசிரியர் அங்குள்ள இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வரலாற்றை எழுதினார். பிறவியிலேயே கண்பார்வை குன்றியவர் அவர். பின்னாளில் பார்வையை முற்றும் இழந்தவர். அம்மாபெரும் பணியில் ஆசிரியருக்குக் கைகொடுத்த மாணவர்களுள் சுப்பிரமணியனும் ஒருவர்.

அச்சுவரில் கபீரும் சூரதாசரும் துளசிதாசரும் குரு கோவிந்த சிங்கும் உள்ளனர். அவர்களோடு நம் இராமாநுசரும் உள்ளார். திருப்பெரும்பூதூரில் பிறந்து, திருவரங்கத்தில் வாழ்ந்து, அங்கிருந்து புலம்பெயர்ந்து வந்து, நம் மைசூருக்கு அருகே மேல்கோட்டையில் பல்லாண்டு தங்கியவர் அவர். மைசூர்த் தமிழர் தம் முன்னோடி என்று யாரையேனும் சொல்ல வேண்டின், அவரையன்றோ சொல்ல வேண்டும்? தமிழ் மாணவன் ஒருவன் வங்கத்துச் சுவரில் ஆசிரியனுக்குத் துணைநின்று, அதே சுவரில் தன் நாட்டுப் பெரியவர் உருவம் எழக் கண்டான். வந்தேறிய இடத்தைத் தன் இடமாக்கிக் கொள்வது என்பது இதுதான். சுப்பிரமணியன் பிற்காலத்தில் அங்கேயே பேராசிரியராகித் திரும்பினார். கலாபவனத்தின் கட்டடம் ஒன்றைக் கறுப்பும் வெள்ளையுமான உருவங்களால் நிறைத்தார். 2016-இல் மறைந்தார். அவர் வாழ்ந்து பணியாற்றிய சாந்திநிகேதனத்தை 2023-ஆம் ஆண்டு உலகப் பண்பாட்டுச் சின்னங்களின் பட்டியலில் யுனெஸ்கோ நிறுவனம் சேர்த்தது.

கலாபவன மாணவர்கள் வளர்ந்த இளைஞர்கள். நம் சிறுவர்க்கு அது பொருந்துமோ என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடை சேவாகிராமத்தில் உள்ளது. காந்தியடிகளின் ஆதாரக் கல்வியை அங்கே தலைமையேற்று நடத்தியவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம் அவர்களும் அவர்தம் துணைவியார் ஆஷாதேவியும். ஆரியநாயகம் முன்னர்ச் சாந்திநிகேதனத்தில் தாகூரின் செயலராக இருந்தவர். 1944-இல் தேவி பிரசாத் என்னும் கலாபவன மாணவர் அங்கே ஓவிய ஆசிரியராகச் சேர்ந்து, ஏறத்தாழ 18 ஆண்டுகள் சிற்றூர்ச் சிறுவர்க்கு ஓவியமும் மட்கலமும் கற்பித்தார். அங்குள்ள பொருள்களே அவர்களுக்குக் கருவியாயின. கலை என்பது கல்வியின் ஓரத்தில் ஒட்டிய அணியன்று. கல்விக்கே அதுதான் அடிப்படை என்பது அவர் கண்ட முடிவு.

வெளிநாடுகளும் இவ்வுண்மையை மெல்லவே உணர்ந்தன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, சிறுவர் வரையும் படத்தைப் பெரியவர் படத்தின் குறைவடிவமாகவே கருதினர். 1897-இல் வியன்னா நகரில் பிரான்சு சிசெக் என்பவர் சிறுவர்க்கென ஓவிய வகுப்புத் தொடங்கி, குழந்தையின் கலை தனக்கென முறையுடைய கலை என்று காட்டினார். நம் நாட்டில் 1949-இல் கேலிச்சித்திர மேதை சங்கர் சிறுவர் ஓவியப் போட்டியைத் தொடங்கினார்.

அமெரிக்காவில் நடந்ததொன்று நமக்கு மிக நெருங்கியது. இலாசு ஏஞ்சல்சு நகரில் வெள்ளநீர் செல்லக் கட்டிய கான்கிரீட்டு வாய்க்கால் ஒன்று உண்டு. அதன் சுவரில் ஜூடி பாக்கா என்னும் ஓவியப் பெண்மணி 1976-ஆம் ஆண்டு முதல் சில கோடை விடுமுறைகளில் அந்நகரத்து இளைஞர்களைக் கொண்டு கலிபோர்னியாவின் வரலாற்றை எழுதுவித்தார். 1984-க்குள் 400-க்கு மேற்பட்ட இளைஞர்கள் பங்கு கொண்டனர். ஓவியம் 2,754 அடி நீளத்துக்கு, அஃதாவது அரை மைலுக்கு மேல் நீண்டது. அவர்களுட் பலர் குற்றம் புரிந்து காவலர் கையில் அகப்பட்டவர்கள். பள்ளிப் பாடநூல் அன்று எழுதாது விட்டவர்களை, அஃதாவது மெக்சிகோ நாட்டிலிருந்தும் சப்பானிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்து உழைத்தவர்களை, கறுப்பின மக்களை, மண்ணின் பழங்குடிகளை அச்சுவரில் அவர்கள் எழுதினர். புலம்பெயர்ந்தோர் மக்கள், தாம் வாழும் நகரின் வரலாற்றில் தம் முன்னோர்க்கு உரிய இடத்தைத் தம் கையாலேயே பெற்றனர்.

இவ்வரலாறுகளை ஒருங்கு வைத்து நோக்கின் மூன்று செய்திகள் புலனாகும். முதலாவது, சுவரை ஒப்படைத்த பெரியவர் ஒருவர் எங்கும் இருந்தார். ஒப்படைத்தபின் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. ஏணியில் உடன் ஏறினார். ஆயினும் சிறுவனின் கோட்டைத் தம் கோடாக மாற்றவில்லை. இரண்டாவது, சுண்ணாம்பும் மண்ணும் தாரும் அந்தந்த இடத்துப் பொருள்கள், செலவு சிறிது, உழைப்பே பெரிது. மூன்றாவது, எழுதியதோடு வேலை முடியவில்லை. ஆண்டுதோறும் பேணுதல் வேண்டியிருந்தது. பேணுதலே அவ்விடத்தின்மேல் பற்றாக வளர்ந்தது. பரிசுப் போட்டியில் இம்மூன்றும் இல்லை. அங்கே ஒரு குழந்தை வெல்லும், மற்றவை தோற்கும், தாள்கள் அலமாரியில் உறங்கும். சுவரிலோ எல்லார் கையும் ஒன்றாகின்றது. சில பெற்றோர் குழந்தையின் தூரிகையைத் தாமே பிடித்துப் பரிசு வாங்கித் தரும் வழக்கத்தையும் இங்கு வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும்.

சுவரைத் தூய்மையாக வைத்தல் நல்லொழுக்கம் என்பதை மறுக்கவில்லை. கண்டவாறு கிறுக்குதலைப் பாராட்டவும் இல்லை. ஆனால் கிறுக்கலுக்கும் ஓவியத்துக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. ‘இது உனக்கு உரிய இடம், எண்ணி எழுது, எழுதியதைப் பேணு’ என்று பெரியவர் சொல்லும் சொல்லே அத்தொலைவைக் கடப்பிக்கும். அச்சொல்லை யாம் அன்று சொல்லவில்லை. சுண்ணாம்பு வாளியைக் கொண்டுவந்தோம்.

ஆகவே, நம் சங்கத்தின் செயற்குழுவிற்கு ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பின் பொதுச் சுவரில், வாயிலுக்கு வலப்புறம் உள்ள பகுதியை நம் சிறுவர்க்கு ஒதுக்குவோமாக. தமிழ்ச் சிறுவர்க்கு மட்டுமன்று. அவர்களோடு பள்ளி செல்லும் கன்னடச் சிறுவர்க்கும் சேர்த்தே ஒதுக்குவோமாக. என்ன எழுத வேண்டும் என்பதை அவர்களே கூடி முடிவு செய்யட்டும். அம்பாரி யானையும் பொங்கல் பானையும் அருகருகே நிற்கட்டும். காவிரியை எழுதட்டும், அது தலைக்காவிரியில் தோன்றி, பாலாறு வந்து கலக்கும் எல்லை கடந்து, பூம்புகார் வரை செல்லட்டும். அவ்வாற்றில் எந்த இடத்தில் மொழி மாறுகின்றது என்று அவர்கள் கோடு கிழிப்பார்களா என்பதைக் காண யான் ஆவலோடு காத்திருக்கின்றேன்.

ஒவ்வோர் ஆண்டும் தை பிறக்குமுன் அச்சுவரைச் சிறுவர்களே புதுப்பிக்கட்டும். இன்று எழுதும் குழந்தை நாளை வேலைக்கு வெளியூர் செல்லும்; அதன் கோட்டின்மேல் அடுத்த குழந்தை வண்ணம் பூசும். முப்பது ஆண்டு கழித்து யாரேனும் ஒருவர் திரும்பி வந்து, தம் பிள்ளைக்கு அச்சுவரைக் காட்டி, ‘இந்த யானையின் முதற்கோடு என்னுடையது’ என்று சொல்வாராயின், அவ்வொரு சொல்லில் நம் சங்கம் பயன் பெற்றதாகும்.

சுண்ணாம்பு வாங்கும் செலவை யான் ஏற்கின்றேன். சென்ற ஆண்டு அச்சிறுமியின் யானையை மறைத்த கடன் எனக்கு இன்னும் தீரவில்லை. இம்முறை சுவரை மறைப்பதற்கன்று, எழுதுவதற்காகவே அச்சுண்ணாம்பு வரும். முதற்கோடு இடும் உரிமையை அச்சிறுமிக்கே வழங்க வேண்டும் என்று அன்பர்களைப் பணிவோடு வேண்டுகின்றேன்.

வாழ்க நம் சிறுவர்! வளர்க அவர்தம் கைத்திறன்!